மூன்றாம் குரல்

பதினொரு வருஷம் யூஜினி
ஒரு சொல்லும் பாடவில்லை.

'ஊ' பாடினாள். 'ம்' பாடினாள்.
சொற்கள் எல்லாம் மேலே, டெல்ரினுக்கு.
கீழே நான், தூண்.
இடையில் பிரசானும் அவளும்.
கொட்டாஞ்சேனையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை
எத்தனை கல்யாண வரவேற்பு,
மார்கழியில் எத்தனை ஹோட்டல் வாசல்!
குளிரூட்டிக்கு நேர் கீழே நின்று
பட்டீஸ் பொரிகிற மணத்தில்
வயிறு இரைய இரையச் சுருதி பிடித்திருக்கிறோம்.

மூன்றாம் குரலை யாரும் கேட்பதில்லை.
சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் அது.
நின்றால்தான் தெரியும்.

ஆவணியில் நின்றது.

ஒத்திகைக்கு வந்தவள்
செருப்பைக் கழற்றவில்லை.
ஆமர் வீதியில் வாங்கிய ரோல்ஸ் பையை
மேசையில் வைத்தாள்.
ஆளுக்கொன்று. தனக்கில்லை.
"நான் தனியாப் பாடப்போறன்."
"என்ன பாட்டு?" என்றான் பிரசான்.
"வலை இழுக்கிற பாட்டு."

டெல்ரின் சிரித்தாள்.
பிறகு, நத்தாருக்கு ஏழு இடம் ஒப்புக்கொண்டாச்சே என்று
அழுதாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அடிக்குரல்காரருக்கு அது பழக்கம்.
ரோல்ஸ் ஆறிப்போயிருந்தது. தின்றேன்.

பிறகுதான் தெரிந்தது,
மாசியிலிருந்தே சனிக்கிழமைகளில்
புறக்கோட்டையில் புத்தளம் பஸ் ஏறியிருக்கிறாள்.
உடப்புக் கரையில்
கைத்தொலைபேசியை நீட்டினால்
காற்றுத்தான் பதிவாகியிருக்கிறது.
"பிள்ளை மீன்பிடித் திணைக்களமோ?" என்று கேட்டார்களாம்.
இல்லை என்றதும்
"அப்ப சும்மா நிக்காதை" என்று
கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.
திங்கட்கிழமை காப்புறுதிக் கந்தோரில்
உள்ளங்கை தோலுரிந்து
பேனை பிடிக்க முடியாமல்
இடக்கையால் ஒப்பமிட்டாளாம்.
எங்களிடம் சுடுதண்ணீர் பட்டது என்றாள்.
பாண்டேஜ் சுற்றியது நான்தான்.

கார்த்திகை. வெள்ளவத்தையில்
ரயில்பாதைப் பக்கம் ஒரு மூன்றாம் மாடி.
கதிரை அறுபத்துமூன்று,
ஆட்கள் இருபத்தெட்டு, மழை.
நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுத்தேன்,
அவள் தம்பி வேண்டாமென்றும்.

மேடையில் வாத்தியம் ஒன்றுமில்லை.
நாங்கள் அரம் வைத்துத் தேய்த்து
மற்றக் குரல்களோடு ஒட்டவைத்த குரல்
செதில் முளைத்திருந்தது.
அழகில்லை. பொய் சொல்லமாட்டேன்,
முதல் பாட்டில்
எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.
ரயில் போனது.
முன்பென்றால் கைகாட்டி நிறுத்துவோம்.
அவள் ரயிலுக்கு மேலே பாடினாள்.

மூன்றாவது பாட்டில்
ஒரு அடி எடுத்துவிட்டு
நிறுத்தினாள்.

மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.
இல்லை.
நாற்பது பேர் குதி ஊன்றிக்
கயிற்றை ஒரு முழம் இழுக்கிற நேரம் அது.
அந்த நேரத்தை அப்படியே
அளந்து காலியாக வைத்தாள்.
மழை கேட்டது.
யாரோ பிளாஸ்டிக் கதிரையில் அசைந்தது கேட்டது.
மறுபடியும் ஒரு அடி.
மறுபடியும் காலி.

கூட்டத்தை விட்டுப் போனவள்
கூட்டமில்லாமல் பாட முடியாத பாட்டைத்தான்
தேடிப் பிடித்திருக்கிறாள், பாருங்கள்.

அவளுக்குக் கீழே எது வரும் என்பது
பதினொரு வருஷமாக எனக்குத் தெரியும்.
நான்காவது காலியில்
வாய் திறந்துவிட்டது.
உருண்டையாக, சுத்தமாக,
ஹோட்டல் வாசலில் நிற்கிறவன் மாதிரி
பதில் பாடினேன்.
இருபத்தேழு தலை திரும்பியது.

யூஜினி என்னைப் பார்த்தாள்.
சிரிப்பா கோபமா, பிடிபடவில்லை.
அடுத்த அடியை
இரண்டு கட்டை ஏற்றி எடுத்தாள்,
என் அழகு எட்டாத இடத்துக்கு.
அங்கே பாட முடியாது,
கத்தத்தான் முடியும்.

கத்தினேன்.
பின்வரிசையில் இன்னொருவன் கத்தினான்.

மறுநாள் தொண்டை கட்டிவிட்டது.
ஒத்திகைக்கு வரமுடியாது, சுகமில்லை என்று
டெல்ரினுக்குச் செய்தி அனுப்பினேன்.
ஏன் என்று கேட்டாள்.
குளிர் என்று எழுதி, அழித்து,
வேறொன்று எழுதி, அதையும் அழித்து,
கடைசியில் குளிர் என்றே அனுப்பினேன்.